நான்காம் கூறு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

புலவர் பலர் வீற்றிருக்கும் இம்மேடையில், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திப் புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தராகிய நமக்கும் ஓர் இடம் தந்தீர்கள். மருத்துவம் பேச உமக்கு என்ன உரிமை என்று கேட்பீராயின், விடை ஒன்றே. பிழைப்புக்காகப் பெங்களூர் செல்வோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுக்கிடையே, உயிரைக் காத்துக்கொள்ளப் பெங்களூர் செல்வோரையும் காண்கிறோம். அவர்களைப் பற்றியதே இவ்வுரை.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்பன அவை. அந்த நான்காம் கூறினரையே இன்று நாம் செவிலியர் என்கிறோம். சிறுநீரக நோயில் இந்நான்காம் கூறு முதற்கூறாக உயர்ந்துவிடுகின்றது. அதனை வளர்த்தது ஒரு நாடு அன்று. பல நாடுகள் கைகோத்து வளர்த்தன. இதுவே நாம் சொல்ல வந்த செய்தி.

நம் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் வேண்டியவற்றை மீட்டுக்கொண்டு, ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவை அறவே பழுதுற்றால், பெரும்பாலோர்க்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இயந்திரம் அவ்வேலையைச் செய்ய வேண்டும். இதுவே டயாலிசிஸ்.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-இல், ஆலந்து நாட்டுக் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் இவ்வியந்திரத்தை உருவாக்கினார். அவர்க்குக் கிடைத்தவை மரச் சட்டங்களும், இறைச்சிப் பண்டம் அடைக்கும் செல்லோபேன் குழாயுமே. முதலில் வந்த நோயாளிகள் பலர் மாண்டனர். 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தெழுந்தார். போர் முடிந்ததும் கோல்ஃப் தம் இயந்திரங்களைப் பிற நாட்டு மருத்துவமனைகளுக்கு வழங்கினார். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்கிரிப்னர் என்பார், நோயாளியின் கையிலேயே பொருத்திவைக்கும் குழாயை அமைத்தார். 1966-இல் நியூயார்க் மருத்துவர் சிலர், கையிலுள்ள தமனியையும் சிரையையும் பிணைத்துவிடும் முறையை வெளியிட்டனர். இன்று ‘பிஸ்டுலா’ என்று நோயாளிகள் சொல்வது இதுவே.

இயந்திரம் கப்பலேறி வந்துவிடும். அதனை இயக்கும் கைப்பழக்கம் எப்படி வரும்? செவிலியர் செய்வதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நோயாளியை நிறுத்து, கூடியுள்ள நீரைக் கணக்கிட வேண்டும். பிணைத்த நாளத்தைப் பழுதாக்காமல் ஊசி ஏற்ற வேண்டும். இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்கின்றதா என்று நான்கு மணி நேரமும் விழித்திருக்க வேண்டும். ஒருவரது மஞ்சட்காமாலைக் கிருமி மற்றவரைத் தொற்றாதபடி காக்க வேண்டும். ஒரு முறைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் நீர், மெல்லிய சவ்வொன்றுக்கு அப்பால் இரத்தத்தை ஒட்டி ஓடுகின்றது. நம் கோலார் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதை நாம் அறிவோம். குடிக்கவே தயங்கும் நீர் இரத்தத்தை அணுகலாமா? ஆகவே அந்நீரைத் தூய்மை செய்து, அன்றாடம் சோதிக்கவும் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் இயந்திரமே எமனாகும்.

இக்கைப்பழக்கம் நம் பக்கம் வந்த வழியை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டா. பங்காருப்பேட்டையில் வண்டியேறி, சோலையார்பேட்டை கடந்து காட்பாடியில் இறங்கினால் வேலூர். அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர் அங்கே 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் தொடங்கினார். 1909-இல் செவிலியர் பள்ளி எழுந்தது. 1946-இல் செவிலியர் பட்டப் படிப்பு தொடங்கிற்று; நம் நாட்டில் அதனை முதன்முதல் தொடங்கிய நிலையங்களுள் வேலூரும் ஒன்று. பல நாட்டுத் திருச்சபைகள் பொருளும் ஆளும் தந்தன. 1960-களின் தொடக்கத்தில் அங்கே டயாலிசிஸ் வந்தது. 1971-இல் நம் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை அங்கேயே நிகழ்ந்தது. செவிலியர் கல்வி முன்னே வேரூன்றியிருந்த மண்ணில் பின்னே வந்த இயந்திரம் நிலைத்தது என்பதே நாம் இதிற் காணும் பாடம்.

இப்போது பன்னாட்டுச் சிறுநீரகவியல் கழகம், வசதி மிக்க நாட்டு மருத்துவமனை ஒன்றை வசதி குறைந்த நாட்டு மருத்துவமனை ஒன்றுடன் உடன்பிறப்புப்போல இணைத்து வைக்கின்றது. மருத்துவர்களும் செவிலியர்களும் ஓரிடத்தார் மற்றோரிடம் சென்று கற்பித்தும் கற்றும் திரும்புகின்றனர்.

கொடுப்பவர் மேலைநாட்டாரே என்று கருத வேண்டா. 1997-இல் சென்னைக்கு அருகிலுள்ள சிற்றூர்களில், டாக்டர் எம். கே. மணி அவர்களின் சிறுநீரக உதவி அறக்கட்டளை ஒரு பணியைத் தொடங்கிற்று. ஏறத்தாழ 25,000 மக்களின் வீடுதோறும், பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள் சென்றனர். இரத்த அழுத்தம் பார்த்தனர். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உளவா என்று எளிய முறையில் சோதித்தனர். நோய் கண்டார்க்கு மலிவான மருந்துகளே தரப்பட்டன. இம்முயற்சி உலக மருத்துவ ஏடுகளில் வெளிவந்து, பிற நாட்டாரும் கற்கும் பாடமாயிற்று.

இனி நம் சீட்டுச் சாளரத்துக்கு வருவோம். லைன் வீட்டில் வாழும் அம்மையார் ஒருவர் வாரம் மூன்று நாள் வைகறை வண்டிக்கு இரு சீட்டு வாங்குவார். கணவர் சுரங்கத்தில் உழைத்தவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின் பெங்களூரில் காவற்பணி பார்த்தவர். பின்னர்ச் சிறுநீரகம் பழுதுற்றது. அங்கே அவரைப் பேணிய செவிலி நம் ஆண்டர்சன்பேட்டைப் பெண். வளைகுடா நாடொன்றில் பணிபுரிந்து மீண்டவர். “காலைதோறும் இந்தப் பிணைப்பின்மேல் விரல் வைத்துப் பாருங்கள், அம்மா. தண்டவாளத்தில் கை வைத்தால் வண்டி வருவது அதிருமல்லவா, அதுபோல் அதிர வேண்டும். அதிர்வு நின்றால் அன்றே வந்துவிடுங்கள்” என்று அவர் சொல்லியிருந்தார். வெளிநாட்டில் தமக்கு அதனைக் கற்பித்தவர் பிலிப்பைன் நாட்டுச் செவிலி ஒருவர் என்றும் கூறினாராம்.

ஒருநாள் அதிர்வு இல்லை. அன்று முறை நாளும் அன்று. அம்மையார் அடுத்த வண்டிக்கே கணவரை அழைத்துச் சென்றார். அடைப்பு நீங்கிற்று, கை பிழைத்தது. வேறோரிடத்தில் சிகிச்சை பெற்ற மற்றொருவர்க்கு இதனைச் சொல்வார் இலர். பிணைத்த கையிலேயே இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிவந்தனர். நாளம் அடைபட்டது ஒரு வாரம் சென்றே தெரிந்தது. மீண்டும் அறுவை, மீண்டும் கடன். இருவர்க்கும் இயந்திரம் ஒன்றே, மருந்தும் ஒன்றே. நான்காம் கூறே வேறுபட்டது.

பெரியோர்களே! 2016-இல் தொடங்கிய நடுவண் அரசுத் திட்டத்தின்கீழ், மாவட்ட மருத்துவமனைகளில் வறியோர்க்குக் கட்டணமின்றி டயாலிசிஸ் செய்யப்படுகின்றது. இயந்திரங்கள் பெருகும். அவற்றின் அருகிருப்போர் பெருக வேண்டாவா? நம் பெண்மக்கள் இலண்டனிலும் வளைகுடாவிலும் செவிலியராய் இருப்பது நமக்குப் பெருமையே. அவர்கள் கற்றது நம் தெருவுக்கும் திரும்பினால்தான் அப்பெருமை நிறைவுறும்.

ஆதலின் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள். விடுமுறையில் ஊர் வரும் செவிலியரை ஒருநாள் இம்மண்டபத்துக்கு அழைத்து, நம் இளம்பெண்களுக்கும் நோயாளிகளின் வீட்டாருக்கும் கற்பிக்கச் செய்க. உலகச் சிறுநீரக நாளாகிய மார்ச்சு மாதத்து இரண்டாம் வியாழனன்று, இரத்த அழுத்தமும் சிறுநீரும் சோதிக்கும் முகாம் நடத்துக. உடல்வலிக்குத் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கத்தின் தீங்கையும் அன்று எடுத்துரைக்க. மூன்றாவது நம் துறையைச் சார்ந்தது. டயாலிசிஸ் செய்துகொள்ளவும் மாற்று அறுவைக்கும் செல்வோர்க்கும், துணைசெல்லும் ஒருவர்க்கும், இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு முதலியவற்றில் இரயில்வே நூற்றுக்கு 75 பங்கு கட்டணச் சலுகை தருகின்றது. மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று பெற்று வந்தால் போதும். அவ்வம்மையார் இதனை அறியாமல் பல திங்கள் முழுக் கட்டணம் செலுத்தினார். நாமும் அவர் எதற்காகச் செல்கின்றார் என்று கேளாமல் இருந்தோம். அக்குறை நம்முடையது. கேட்டிருந்தால் அவர்க்கு முன்னரே உதவியிருக்கலாம்.

அருகிருப்பவர் கேட்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், அறிந்ததைச் சொல்ல வேண்டும். செவிலியர்க்கு அது தொழில். நமக்கு அது கடமை.