இரும்பும் கதிரொளியும்

இத்தாலி நாட்டுப் பொலோனா நகரில், ஜாக்கோமோ சாமிச்சான் என்னும் வேதியியற் பேராசிரியர், கண்ணாடிக் குடுவைகளை மாடத்தில் வரிசையாக வைத்து வெயிலில் காய விடுவார். 1912ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் உரையாற்றிய அவர், பசுந்தழையின் வித்தையை மனிதனும் கற்றுக்கொண்டால் நிலக்கரிப் புகையின்றிக் கதிரொளியாலேயே தொழில்களை நடத்தலாம் என்றார்.

மாணவ நண்பர்களே, அந்த வித்தைக்கு முதலில் வேண்டுவது ஓர் இடையாள். நீர் நிறமற்றது, கண்ணுக்குத் தெரியும் ஒளி அதனூடே கடந்து போய்விடும். அவ்வொளியை விழுங்கி, அதன் ஆற்றலை அருகிலுள்ள மூலக்கூற்றிடம் ஒப்படைக்கும் பொருளையே ஒளியுணர்த்தி என்கிறோம்.

இவ்வேலையில் பேர் பெற்றது ருத்தீனியத்தின் செம்மஞ்சள் நிறச் சேர்மம் ஒன்று. ஒளி பட்டதும் ஓர் எலெக்ட்ரான் உலோகத்தை விட்டு, அதைச் சூழ்ந்த கரிமக் கூட்டிற்குத் தாவுகிறது. ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வினாடி அந்நிலை நீடிக்கும். இதுவும் ஒரு பொழுதா என்று நகைக்க வேண்டா. கரைசலில் அலையும் மற்றொரு மூலக்கூறு வந்து முட்டி, எலெக்ட்ரானை வாங்கிச் செல்ல அது தாராளமாகப் போதும்.

ஆனால் ருத்தீனியம் அரிய உலோகம். பெரும்பாலும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் பிளாட்டினத்தோடு சிறிதளவே கிட்டுகிறது. தனிம அட்டவணையில் அதற்கு நேர் மேலே வீற்றிருப்பது இரும்பு. புவியோட்டின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அதுவே. பின் ஏன் இரும்பைக் கொள்ளவில்லை?

கொண்டு பார்த்தார்கள். இரும்பும் ஒளியை நன்றாகவே விழுங்குகிறது, ஆனால் வைத்திருப்பதில்லை. அதன் அணுவில் தாழ்வான வெற்று நிலைகள் உள்ளன. பெற்ற ஆற்றல் அவற்றுள் வழுக்கி விழுந்து, பத்து இலட்சம் கோடியில் ஒரு பங்கு வினாடிக்குள் பயனற்ற நிலையை அடைந்து, முடிவில் வெப்பமாகிப் போகிறது. வாங்க வருபவன் வாசலை அடையுமுன் கடை மூடப்படுகிறது!

இதற்குப் பரிகாரம் கார்பீன் என்னும் கரிமக் கூறுகளால் கிடைத்தது. அவை இரும்புக்கு எலெக்ட்ரானை வலுவாக ஈந்து, அத்தாழ்ந்த நிலைகளை மேலே உயர்த்திவிடுகின்றன. வழுக்குப் பாதை அடைபடுகிறது. சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தாரும் அவர்தம் கூட்டாளிகளும் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட சேர்மத்தில் அப்பொழுது இரண்டு நானோ வினாடியாக நீண்டது. அதாவது நூறு கோடியில் இரண்டு பங்கு. பழைய இரும்புச் சேர்மங்களைப் போல் ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு!

ருத்தீனியத்தின் பொழுதோ இன்னும் ஐந்நூறு மடங்கு பெரிது. அன்றியும், இரும்பு மலிவே ஆயினும் அதற்குப் பூட்டும் கார்பீனைப் பல படிகளில் முயன்றே ஆக்க வேண்டியுள்ளது. உலோகத்தில் மிச்சம் பிடித்ததை அணிகலனில் செலவிடுவது போன்ற நிலை இது. எளிதில் செய்யக்கூடிய கூடொன்றைக் கண்டறிவதே, என் கருத்தில், இனி எஞ்சியுள்ள கடினமான பணி.