ஊனமுற்ற மாலுமிக்குக் கொடுப்பது பிச்சையா?

(தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



கப்பலில் வேலை செய்து கை கால் ஒடிந்து வீடு திரும்பும் மாலுமியைப் பார்த்து நம் ஜனங்கள் "அவன் தலையெழுத்து" என்கிறார்கள். முதலாளி ஏதாவது கொடுத்தாலோ "புண்ணியவான்" என்கிறார்கள். இந்த இரண்டு வார்த்தைகளும் இருக்கும் வரை தொழிலாளிக்கு நியாயம் கிடைக்காது என்பது நமது அபிப்பிராயம்.

உலகக் கப்பல்களுக்கு ஏராளமான மாலுமிகளை அனுப்பும் தேசம் பிலிப்பைன்ஸ். ஆகவே இந்த விஷயத்தில் வழக்குகளும் தீர்ப்புகளும் அங்கே மிகுதி. அந்நியக் கப்பலில் வேலைக்குப் போகிறவனுக்கு அங்கே சர்க்காரே ஒரு மாதிரி ஒப்பந்தம் வகுத்தது. 2010-ம் வருஷத்து ஒப்பந்தப்படி, வேலைக் காலத்தில் வேலையின் காரணமாகக் காயமோ நோயோ வந்தால் வைத்தியச் செலவு கம்பெனியைச் சேர்ந்தது. ஊர் திரும்பிச் சிகிச்சையில் இருக்கும்போது 120 நாள் வரை அடிப்படைச் சம்பளமும் உண்டு. ஊனம் நிலைத்துவிட்டால் 14 படிகளில் ஒன்று விதிப்பார்கள். முதல் படிக்கு 60,000 டாலர்; கடைசிப் படிக்கு 1,870 டாலர்.

இந்தப் படியை முதலில் நிர்ணயிப்பவர் யார்? கம்பெனி நியமித்த டாக்டர்! டாக்டர்கள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பணம் கொடுக்க வேண்டியவன் கையிலேயே தராசையும் கொடுக்கலாமா என்றுதான் கேட்கிறோம். மாலுமி தனக்கு இஷ்டமான டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம். இருவர் சொல்லும் மாறுபட்டால், இரு கக்ஷியாரும் சம்மதித்து மூன்றாவது டாக்டரிடம் போகலாம். அவர் சொல் இருவரையும் கட்டும். இதைச் செய்யாமல் நேரே வழக்குக்குப் போனவர்களில் பலர், கம்பெனி டாக்டர் சொல்லே செல்லும் என்ற தீர்ப்பைப் பெற்றுத் திரும்பினார்கள். கரையிறங்கிய 3 வேலை நாட்களுக்குள் கம்பெனி டாக்டரிடம் ஆஜராகாதவன் உரிமையையே இழக்க நேரிடும். அறியாமைக்கு இவ்வளவு பெரிய அபராதம்!

ஆனால் கெடு மாலுமிக்கு மாத்திரமல்ல. டாக்டர் 120 நாளுக்குள் முடிவான அபிப்பிராயம் சொல்ல வேண்டும். தக்க காரணம் இருந்தால்தான் 240 நாள் வரை நீட்டலாம். தவறினால் அது நிரந்தர முழு ஊனமாகவே கொள்ளப்படும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2015-ல் விளக்கிற்று. இதன் தத்துவம் என்ன? ஊனம் என்பது போன விரலை எண்ணிப் பார்ப்பதல்ல. போன பிழைப்பை எண்ணிப் பார்ப்பது. முதுகு வளையாத மாலுமிக்குக் கையும் காலும் முழுசாக இருக்கலாம். அவனை எந்தக் கப்பல்காரன் ஏற்றிக்கொள்வான்?

மாலுமியின் கஷ்டத்தை விலைபேசும் தரகர்களும் கிளம்பினார்கள். 2015-ம் வருஷத்துச் சட்டமொன்று, வழக்கை நடத்திக் கொடுப்பவர் பெறும் கூலி கிடைத்த தொகையில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படக்கூடாது என்றது. அது நல்லதே. ஆனால் 2024 செப்டம்பரில் வந்த மாலுமிகள் சாசனச் சட்டம், மேல்விசாரணை முடியுமுன் தகராறிலுள்ள தொகையைப் பெற விரும்பும் மாலுமி ஜாமீன் கட்ட வேண்டும் என்கிறது. தீர்ப்பு மாறினால் செலவான பணம் திரும்பாதே என்பது முதலாளிகள் வாதம். அதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சம்பாத்தியம் நின்றுபோனவன் ஜாமீனுக்கு எங்கே போவான்? முதலாளி காத்திருக்கலாம், பசி காத்திருக்குமா?

தோழர்களே! நம் கடற்கரை ஊர்ப் பிள்ளைகளும் கப்பலேறுகிறார்கள். ஒவ்வொரு தேசத்துக்கும் ஒவ்வொரு சட்டம். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு கெடு. ஆகையால் கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை ஒருவரைக் கொண்டாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். அடிபட்டால் அன்றே கப்பல் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். வைத்தியச் சீட்டு ஒன்றையும் தொலைக்காதீர்கள். போகும்போது நல்ல நாள் பார்க்கிறவர்கள், திரும்பும்போது கெடு நாளையும் பாருங்கள்.

ஊனமுற்றவன் கேட்பது தயவல்ல, தனக்கு வரவேண்டிய பாக்கி. அதைத் தலை நிமிர்ந்தே கேட்கவேண்டும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.