1.5 வேகத்தில் எம்.டி. ராமநாதனைக் கேட்க முடியாது

"இப்போ என்ன கேட்டுட்டு இருக்கீங்க?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கொஞ்ச வாரமா ஒரே ஒருத்தர்தான். எம்.டி. ராமநாதன். ரசிகர்களுக்கு எம்.டி.ஆர். ரவா இட்லி மிக்ஸ் இல்லைங்க, பாடகர்!

1923-ல பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்ராவுல பிறந்தவர். சென்னைக்கு வந்து கலாக்ஷேத்ராவுல டைகர் வரதாச்சாரியார்கிட்ட கத்துக்கிட்டார். பிறகு அங்கேயே ஆசிரியரா இருந்தார். 1984-ல காலமானார்.

அந்தக் காலக் கச்சேரி எப்படி இருந்தது? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த மத்தியமகால விறுவிறுப்பு ஒரு பக்கம். ஜி.என்.பி.யோட மின்னல் பிருகா இன்னொரு பக்கம். அதுக்கு நடுவுல இவர் மட்டும் அடிவயித்திலிருந்து வர்ற கனமான குரல்ல, நிதானமா விளம்பகாலம் பாடினார். உயிரா நேசிச்சவங்களும் உண்டு, பொறுமை இழந்தவங்களும் உண்டு. 1974-ல பத்மஸ்ரீ வந்தது. மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி கடைசிவரை வரல. ஆனாலும் அவர் வேகத்தைக் கூட்டல.

அவர் பாடின தியாகராஜர் கிருதி 'ஸாமஜவரகமனா'வுல ஆரம்பிங்க. ராகம் ஹிந்தோளம். ச, க, ம, த, நி, மொத்தம் அஞ்சே ஸ்வரம். சலங்கை ஒலி படத்துல எஸ். ஜானகி பாடின 'ஓம் நமசிவாய' கேட்டிருக்கீங்கன்னா, இந்த ராகம் உங்களுக்குப் பழக்கமானதுதான்.

இப்போ என்ஜினியர் மூளையோட ஒரு விஷயம். இந்த எபிசோடையே உங்கள்ல பாதிப் பேர் 1.5 வேகத்துல ஓட விட்டிருப்பீங்க. பேச்சுக்கு அது ஓகே. ஆப் ஸ்ருதியை மாத்தாம நேரத்தை மட்டும் சுருக்கிடும். பாட்டுக்கு அங்கதான் சிக்கல். கமகம்னா ஸ்வரத்தை அசைச்சுப் பாடறது. எவ்வளவு தூரம் அசையுது, எவ்வளவு வேகமா அசையுது, ரெண்டும் சேர்ந்துதான் ராகத்தோட முகம். வேகத்தைக் கூட்டினா ஸ்ருதி அப்படியே இருக்கும், அசைவு மட்டும் நடுக்கமாகிடும்.

அதைவிட முக்கியம், அவர் விடற இடைவெளி. ஒரு சொல்லைப் பாடி நிறுத்துவார். தம்புரா மட்டும் ஓடிட்டு இருக்கும். அடுத்து எங்க போவார்னு நம்ம மனசு தானா தேட ஆரம்பிக்கும். அந்தத் தேடல்தான் கேட்கறது. நான் இந்த எபிசோடை எடிட் பண்ணும்போது என் இடைவெளியையெல்லாம் வெட்டிடுவேன். அவர் பாட்டுல அதை வெட்டினா மிச்சம் ஒண்ணும் இருக்காது.

மீட்டிங், டுட்டோரியல், ரீல்ஸ் எல்லாமே வேகம். வீட்டுல பெரியவங்க நிதானமா ஒரு கதை சொன்னாக்கூட "பாயிண்டுக்கு வாங்க"ன்னு நமக்குத் தோணுது. காத்திருக்கற பழக்கம் காதுக்குத்தான் முதல்ல போகுது. திரும்பி வர்றதும் காது வழியாத்தான்னு நினைக்கறேன். திருமயிலைல பறக்கும் ரயில் ஏறி தரமணில இறங்கறதுக்குள்ள எனக்கு இப்போ ஒரே ஒரு பாட்டுதான். அடுத்ததுக்குத் தாவறதில்ல.

ஹோம்வொர்க்: ஹெட்போன் கட்டாயம். அந்தக் கீழ்க்குரலை போன் ஸ்பீக்கர் பாதி முழுங்கிடும். வேகம் 1-ல வைங்க. முதல் ரெண்டு நிமிஷம் பிடிக்கலைன்னாலும் நிறுத்தாதீங்க. டிசம்பர்ல நேர்லயும் கேளுங்க. மயிலாப்பூர், தி.நகர் சபாக்கள்ல மதியக் கச்சேரி நிறைய இலவசம்தான்.

கேட்டுட்டு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!