வலுவும் பிடிப்பும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் யாவரும் முதலில் வினவுவது அதன் இயந்திர வலுவையே. எத்தனை பரிவலு, எத்துணை வேகம், நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீற்றர் வேகத்தை எத்தனை செக்கனில் எட்டும் என்பனவே அவர்தம் வினாக்கள். அவ்வலுவெல்லாம் எதன் வழியாக நிலத்தைச் சென்றடைகின்றது என்று வினவுவோர் மிகச் சிலரே. வண்டிக்கும் வீதிக்கும் உள்ள தொடர்பு நான்கு ரயர்களால் ஆன தொடர்பேயாகும். அவற்றுள்ளும் ஒரு கணத்தில் நிலத்தைத் தொட்டு நிற்பது ஒவ்வொரு ரயரினதும் சிறு பகுதியே; ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவு. வண்டியிற் செல்வோர் தம் உயிரை இந்த நான்கு உள்ளங்கையளவு இறப்பரை நம்பியே ஒப்படைக்கின்றனர்.

பாசி படர்ந்த கிணற்றுப் படியில் காலை ஊன்றுகின்றவன் எவ்வளவு வலியவனாயினும் அவன் வலிமை அங்கே பயன்படுவதில்லை. வலிமை மிகுந்தவன் விசையாகக் காலை உந்துவானாயின், மெலிந்தவனிலும் முந்தி அவனே விழுவான். வலுமிக்க இயந்திரத்தின் நிலையும் இதுவே. அதிலும், இயந்திர வலு முழுவதும் பின்சில்லுகள் இரண்டுக்கு மட்டும் செலுத்தப்படும் வண்டிகளில் ரயரைத் தெரிவு செய்தல் அலங்காரம் பற்றிய செய்தியன்று. உயிர் பற்றிய செய்தியாகும்.

இதனை விளக்குதற்கு ஓர் உண்மை வண்டியை எடுத்துக்கொள்வோம். ஜேர்மன் நாட்டில் லைப்சிக் நகரில் 2003ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை ஆக்கப்பட்ட போர்ஷே கரேரா ஜி.ரி. என்னும் கார் 612 பரிவலு உடையது. அதன் எடை 1,380 கிலோகிராம். இயந்திரம் சாரதியின் முதுகுக்குப் பின்னே அமைந்துள்ளது. வலுவைப் பெறுவன பின்சில்லுகளே. வண்டி நிலைகுலையும்போது தானாகவே பிறேக்கிட்டு அதனை நேர்ப்படுத்தும் மின்னணு ஏற்பாடு அதில் இல்லை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அதன் முழு வலுவும் நிலத்திற் சேருமாயின், எழும் தள்ளுவிசை வண்டியின் சொந்த எடையையும் விஞ்சிவிடும். பின்சில்லுகள் இரண்டும் சுமப்பதோ அந்த எடையில் ஒரு பகுதியை மட்டுமே. எனவே சாரதி முழு வலுவையும் கேட்பானாயின், சாதாரண ரயர்களால் அதனைத் தாங்கவியலாது. சில்லு நிலத்தைப் பற்றாது வெறிதே சுழலும்.

பின்சில்லுகளால் இயங்கும் வண்டிக்கு இயற்கை ஓர் உதவியைச் செய்திருக்கின்றது. வண்டி விரைந்து முன்செல்லும்போது அதன் சுமை பின்னோக்கிச் சாய்கின்றது. அதனால் வலுவைப் பெறும் சில்லுகள் நிலத்தின்மீது மேலும் அழுந்தி, மேலும் பிடிப்பைப் பெறுகின்றன. ஆயின் அவ்வுதவிக்கும் எல்லையுண்டு. ஒரு ரயருக்குள்ள பிடிப்பை மாதச் சம்பளத்துக்கு ஒப்பிடலாம். முன்னோக்கித் தள்ளுதலும், பிறேக்கிட்டு நிறுத்துதலும், வளைவிற் பக்கமாகத் தாங்குதலும் ஆகிய செலவுகள் யாவும் அந்த ஒரே சம்பளத்திலிருந்து நடைபெற வேண்டும். வளைவிலே திரும்பிக்கொண்டிருக்கும் பின்ரயர், தன் சம்பளத்திற் பெரும் பகுதியைத் திரும்புதற்கே செலவிட்டுவிட்டது. அவ்வேளையிற் சாரதி வேகமிதியை ஆழ அழுத்துவானாயின், இல்லாத பணத்தைச் செலவிட முற்படுகின்றான். பின்புறம் வெளியே வழுக்குகின்றது. வண்டி பம்பரம்போற் சுழல்கின்றது. அஞ்சிக் காலைச் சட்டென எடுத்தாலும் தீங்கே. சுமை முன்னோக்கிப் பாய, பின்ரயர்கள் எஞ்சிய பிடிப்பையும் இழந்துவிடும்.

இனி, பிடிப்பு என்பது யாது? இறப்பர் வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்கேற்பத் தன்னை வளைத்து அமைத்துக்கொள்வதாலும், வீதிப் பரப்போடு ஒட்டுவதாலும் பிடிப்பு உண்டாகின்றது. இறப்பர் மென்மையாயின் நன்கு ஒட்டும். ஆனால் விரைவில் தேயும். கடினமாயின் நெடுநாள் உழைக்கும். ஆனால் பற்றுதல் குறையும். ரயர் செய்வோர் கலை முழுவதும் இந்த இரண்டு குணங்களுக்கும் இடையே நடைபெறும் பேரமேயாகும். 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து கியூப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட வித்துகளின் நாற்றுகள் இலங்கையின் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்ட காலந்தொட்டு இந்நாட்டார் இறப்பரை அறிவர். ஆயினும் இக்காலக் கார் ரயரின் நிலந்தொடும் பரப்பிலே மரத்தின் பால் மட்டுமன்று, செயற்கை இறப்பரும் கரியும் சிலிக்காவும் பல வகையாகக் கலக்கப்படுகின்றன. அக்கலவையே ரயரின் குணத்தைத் தீர்மானிக்கின்றது.

ஆகவே தெரிவு செய்வோன் தன்னைத் தானே வினவவேண்டிய முதற் கேள்வி, இவ்வண்டி எங்கே, எக்காலநிலையில் ஓடப்போகின்றது என்பதாகும். பிடிப்புமிக்க ரயர்களை இருவகையாகப் பிரித்து நோக்கலாம். ஒன்று, வீதிக்கென ஆக்கப்பட்ட விரைவோட்ட ரயர். அது மழைநீரை ஒதுக்கும் ஆழமான தவாளிப்புகளை உடையது. குளிர்ந்திருக்கும்போதும் ஓரளவு பற்றும். மற்றையது, பந்தய ஓடுபாதையை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டு வீதியில் ஓடவும் அனுமதிக்கப்பட்ட ரயர்; அதிலே தவாளிப்புகள் குறைவு; இறப்பர் நிலத்தைத் தொடும் பரப்புக் கூடுதல். சூடேறியபின் உலர்ந்த தளத்தில் அது காட்டும் பிடிப்பு வியப்புக்குரியது. ஆனால் குளிர்ந்த காலையில் வீட்டு வாயிலைவிட்டுப் புறப்படும்போது அதே ரயர் மரக்கட்டைபோல் இருக்கும். வீதியில் நீர் தேங்கி நின்றாலோ, ஒதுங்க வழியற்ற நீர் ரயரை மேலே தூக்கிவிட, வண்டி நிலத்தில் அன்றி நீரின்மேல் மிதந்து செல்லும். அகன்ற ரயருக்கு இவ்வாபத்து இன்னும் அதிகம். மாதத்தில் ஒருநாள் ஓடுபாதைக்குச் சென்று, மற்றைய நாளெல்லாம் மழையிலும் வெயிலிலும் வீதியில் ஓடுபவன், அந்த ஒருநாளின் பெருமைக்காக மற்றைய நாள்களை அடகு வைத்தல் தகாது.

ரயரின் பக்கச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள எழுத்துகளும் எண்களும் சாத்திரம்போல் விளங்காதன அல்ல. மேற்சொன்ன காரின் பின்ரயரில் 335, 30, 20 என்னும் எண்கள் உள. 335 என்பது மில்லிமீற்றரில் அதன் அகலம். 30 என்பது பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு என்பதைக் காட்டும். 20 என்பது அது பொருந்தும் சில்லின் விட்டம், அங்குலத்தில். அதன் முன்ரயரின் அகலம் 265 மில்லிமீற்றரே. வலுவைத் தாங்குவதும் சுமையிற் பெரும்பங்கைச் சுமப்பதும் பின்புறமாதலின் பின்ரயர் அகலமாக அமைந்தது. வேகத்தைக் குறிக்கும் எழுத்துகளுள் ‘வி’ மணிக்கு 240 கிலோமீற்றரையும், ‘டபிள்யூ’ 270 கிலோமீற்றரையும், ‘வை’ 300 கிலோமீற்றரையும் குறிப்பன. அமெரிக்க முறையில் தேய்மானத்துக்கென ஓர் எண்ணும் உண்டு. நூறு என்று வைத்துக்கொண்ட ஓர் அளவோடு ஒப்பிடப்பட்ட எண் அது. எண் குறையக் குறைய ரயர் விரைவில் தேயும். பெரும்பாலும் பிடிப்பு மிகும். எனினும் அவ்வெண்ணை ஆக்குவோரே இடுவதால், ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றன் எண்ணோடு அப்படியே ஒப்பிட்டு முடிவு செய்தல் கூடாது.

அடுத்து, முன்னும் பின்னும் ஒத்திருத்தல் வேண்டும். சிக்கனம் கருதி முன்னே ஒருவகை, பின்னே வேறுவகை எனப் பூட்டுவோர் உளர். முன்ரயர்கள் பிடிப்பிழந்தால் வண்டி திரும்ப மறுத்து நேரே செல்லும். சாரதி வேகத்தைக் குறைத்து மீள இடமுண்டு. பின்ரயர்கள் பிடிப்பிழந்தாலோ வண்டி சுழலும். மீள்வதற்குத் தேர்ந்த கை வேண்டும். ஆதலால் பின்புறத்தின் பிடிப்பு முன்புறத்தினதிலும் குறைதல் ஒருபோதும் ஆகாது. முன்பின் ஒரே அளவான ரயர்களுள் இரண்டை மட்டும் புதிதாக வாங்க நேர்ந்தால், அவ்விரண்டையும் பின்னே பூட்டுவதே அறிவுடைமை.

காற்றின் அமுக்கத்தை ரயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டி ஆக்கியோர் விதித்த அளவுக்கு, அமுக்கமானி கொண்டு பார்த்தல் வேண்டும். ஓடிச் சூடேறியபின் அமுக்கம் தானே உயரும். குறைந்த காற்றோடு மிகு வேகத்தில் ஓடும் ரயர் உள்ளே வெந்து சிதையும்.

இவையெல்லாவற்றிலும் மக்கள் மறந்துவிடுவது ரயரின் வயதையாகும். வலுமிக்க கார்களை உடையோர் அவற்றை அன்றாடம் ஓட்டுவதில்லை; கொட்டகையில் போர்வையிட்டுப் பேணுகின்றனர். ஆண்டுகள் பல செல்லினும் தவாளிப்புகள் புதியனபோல் ஆழமாகவே இருக்கும். கண்ணுக்குக் குறையொன்றும் தோன்றாது. ஆனால் காற்றும் வெப்பமும் இறப்பரை உள்ளூர இறுகச் செய்துகொண்டேயிருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணொன்று உண்டு. முதலிரண்டும் வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் காட்டும். 2319 எனக் காணின் அது 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் ஆக்கப்பட்டது. வாங்குமுன் இதனைப் படித்தறிதல் ஒவ்வொருவர்க்கும் கடன்.

இக்கடன் வெறும் சொல்லன்று என்பதற்கு ஒரு துயர நிகழ்ச்சி சான்று. 2013ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மேலே கூறிய கரேரா ஜி.ரி. வகைக் காரொன்று வீதியைவிட்டு விலகி மோதித் தீப்பற்றியதில், புகழ்பெற்ற திரைப்பட நடிகர் போல் வோக்கரும் அவ்வண்டியைச் செலுத்திய நண்பரும் உயிரிழந்தனர். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த விசாரணை முடிபு, மணிக்கு 45 மைலே அனுமதிக்கப்பட்ட இடத்தில் வண்டி 80 முதல் 93 மைல் வரையான வேகத்தில் ஓடியதெனவும், அதன் ரயர்கள் ஒன்பது ஆண்டு பழையன எனவும், அம்முதுமை வண்டியின் கட்டுப்பாட்டைக் குறைத்திருக்கக்கூடும் எனவும் கூறிற்று. வேகமே முதற் குற்றவாளி. ஆயினும் முதிர்ந்த ரயர் அவ்வேகத்துக்குத் துணைநின்றது போலும்.

அதே வகைக் கார் இதற்கு மறுதலையான பாடத்தையும் புகட்டியுள்ளது. 2024ஆம் ஆண்டில் மிஷலின் நிறுவனம் அதற்கெனப் புதிய ரயர்களை ஆக்கியது. ஜேர்மனியில் 20.8 கிலோமீற்றர் நீளமுள்ள நூர்பேர்க்ரிங் ஓடுபாதையை, அவ்வண்டி அந்த ரயர்களோடு 7 நிமிடம் 12.69 செக்கனில் சுற்றி வந்தது. இருபதாண்டுக்கு முன்னர் அதே வகை வண்டி எடுத்த நேரத்திலும் இது 16 செக்கனுக்கு மேல் குறைவு. இயந்திரம் பழையதே, வலுவும் பழையதே. அவ்வலு நிலத்தைப் பற்றிய முறையே பெரிதும் மாறிற்று. அந்த ஓடுபாதையில் விரைவைத் தந்த பிடிப்பே, வீதியில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும்போது வண்டியை உரிய இடத்தில் நிறுத்திவைப்பதும் ஆகும்.

எவ்வளவு சிறந்த ரயராயினும் அது எல்லையைத் தள்ளிவைக்குமேயன்றி எல்லையை அழித்துவிடாது. பிடிப்பு மிகுந்த ரயர் இறுதிவரை உறுதியாக நின்று, எல்லை கடந்ததும் முன்னறிவிப்பின்றிக் கைவிடுவதுமுண்டு. நல்ல ரயரைப் பூட்டியபின் அதன் பயனையெல்லாம் மேலும் வேகமாக ஓட்டுதற்கே செலவிடுவோன், முன்பிருந்த ஆபத்திலேயே மீண்டும் நிற்கின்றான். அவ்வாறன்றி, அப்பயனை ஆபத்து வேளைக்கென எஞ்சவிட்டு வைப்பவனே வலுமிக்க வண்டியைச் செலுத்தத் தக்கவன். வலுவைப் பணம் கொடுத்து வாங்கலாம்; பிடிப்பையும் பணம் கொடுத்து வாங்கலாம்; எவ்விடத்தில் வேகத்தை அடக்கவேண்டும் என்னும் அறிவைச் சாரதி தானே தேடிக்கொள்ளல் வேண்டும்.