ஓலைக்குக் கட்டுப்பட்ட அதிகாரம்



அரசியலமைப்பு ஆட்சியின் அடிப்படைகளும் தோற்றமும் என்பது நம் கருத்தரங்கின் பொருள். 1215இல் இங்கிலாந்து மன்னர் ஜான் முத்திரையிட்ட மகாசாசனம், 1689இன் உரிமைச் சட்டம், 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு என்று இதைத் தொடங்குவது வழக்கம். அமர்வுகளில் அவற்றுக்கு உரிய இடம் உண்டு. நான் இந்தத் திருவெண்ணெய்நல்லூரிலிருந்தே தொடங்குகிறேன்.

கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலாலும், சிவஞானபோதம் தந்த மெய்கண்டாராலும் பெயர்பெற்ற ஊர் இது. தமிழ் இலக்கியத்தில் விரிவாகப் பதிவான வழக்கு விசாரணைகளில் ஒன்று நடந்த ஊரும் இதுவே. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அதைச் சொல்கிறது. புத்தூரில் நம்பியாரூரரின் திருமண நேரத்தில் ஒரு முதியவர் வந்து, "இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதித் தந்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். ஆரூரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்கு வருகிறது.

அவையோர் செய்தவற்றை ஒரு சட்ட மாணவர் வரிசையாகக் குறித்துக்கொள்ளலாம். அந்தணர் ஒருவர் இன்னொருவருக்கு அடிமையாவது வழக்கத்தில் இல்லையே என்று வந்தவரிடமே முதலில் கேட்கிறார்கள். நெடுநாள் வழக்கம், எழுதிய ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றையாவது காட்டும்படி சொல்கிறார்கள். கிழிபட்டது படியோலை, மூல ஓலை கையில் இருக்கிறது என்கிறார் முதியவர். அதற்குத் தீங்கு நேராது என்று அவை உறுதி தந்த பிறகே அதை எடுத்துக் கொடுக்கிறார். அவையின் எழுத்தரான கரணத்தான் அதை அவையில் படிக்கிறார். சாட்சிக் கையெழுத்துகள் சரிபார்க்கப்படுகின்றன. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் தீர்ப்பு: நம்பியாரூரர் தோற்றார்.

ஆரூரர் நரசிங்க முனையரையர் என்ற அரசரின் மாளிகையில் வளர்ந்தவர். முதியவராக வந்தவரோ இறைவன். அவையின் முன் இந்த இரண்டு பெருமைகளும் எடைபோடப்படவில்லை. அரச குடும்பத்தின் செல்வாக்கு ஆரூரரைக் காப்பாற்றவில்லை. இறைவனும் தன் உரிமையை நிறுவ மூல ஆவணத்தைக் காட்ட வேண்டியிருந்தது. இதற்கு மாறாக, சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கோவலனை விசாரிக்காமலே கொலைக்கு அனுப்பினான். குற்றம் சாட்டியவன் சொல்லே அங்கே தீர்ப்பானது. மன்னன் ஒருவனின் வாய்ச்சொல்லுக்கும், எழுத்தையும் சாட்சியையும் சோதிக்கும் அவைக்கும் உள்ள தொலைவுதான் அரசியலமைப்பு ஆட்சியின் முதல் பாதி. அதிகாரம் எவ்வளவு பெரிதாயினும் முன்பே எழுதப்பட்ட ஒன்றுக்குக் கட்டுப்பட்டது. அது கட்டுப்பட்டதா என்பதை அதிகாரத்துக்கு வெளியே நிற்கும் அவை தீர்மானிக்கும்.

இது புராணத்தில் மட்டும் இருந்த எண்ணம் அன்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஊராட்சிக்கு விதிகளை வகுத்தன. ஊரின் பகுதிகளான 30 குடும்புகளிலிருந்தும் குடவோலை வழியே வாரியங்களுக்கு ஆள் எடுத்தார்கள். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் பொறுப்பு வகித்தவர் மீண்டும் வர முடியாது. கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. பதவிக் காலத்துக்கு எல்லை, கணக்குக்குப் பொறுப்பு, உறவினர் ஆதிக்கத்துக்குத் தடை ஆகிய மூன்றையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த மண் இது. அதில் நாம் பெருமை கொள்வது நியாயம்.

அந்தப் பெருமையோடு நின்றுவிட்டால் நாம் ஆய்வாளர்கள் ஆகமாட்டோம். உத்திரமேரூர் விதிகளின்படி வாரியத்துக்கு வர, வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டும். உழுதவருக்கும், ஏரியைத் தூர்வாரிய கைகளுக்கும், பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. வெண்ணெய்நல்லூர் அவையும் அப்படிப்பட்டதே. அந்த அவையில் மெய்யென்று தேறிய ஓலை எதைச் சொல்லிற்று? ஒரு பாட்டன் எழுதிக்கொடுத்ததால் பேரன் பிறக்கும் முன்பே அடிமை என்றது. பக்தி உலகில் அதன் பொருள் வேறு. அந்த அடிமைத்தனமே ஆரூரருக்கு வாய்த்த பேரருள். அந்தப் பொருளை நான் வணங்குகிறேன். மண்ணுலகிலோ, சோழர் காலத்தில் மனிதர்களை விற்ற ஆவணங்கள் கல்வெட்டுகளில் உண்மையாகவே இருக்கின்றன. விசாரணை செம்மையாக நடந்தாலும், ஓலையே அநீதியாக இருந்தால் அவை என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கு விடை தருவதுதான் அரசியலமைப்பு ஆட்சியின் இரண்டாம் பாதி. அதை நமக்கு எழுதித் தந்தது 1946 டிசம்பர் 9 அன்று முதன்முதலாகக் கூடிய அரசியல் நிர்ணய சபை. 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். சாதியும் நிலமும் குடிப்பிறப்பும் பேசிய ஊரவைகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு தேர்வின் கனம் விளங்கும். 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 23ஆம் பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. பாட்டன் எழுதிய ஓலையை இன்று ஒருவர் மன்றத்துக்குக் கொண்டுவந்தால், கையெழுத்து மெய்யா பொய்யா என்று பார்க்கும் தேவையே எழாது.

பெரும்பான்மை பலம் பெற்ற நாடாளுமன்றமும் இந்த எல்லைக்குள்தான் நிற்க வேண்டும். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்த அமர்வு, 7க்கு 6 என்ற கணக்கில், அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சரியாக 20 ஆண்டுகள் கழித்து, 1993இல் அதே ஏப்ரல் 24 அன்று 73ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்து கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் தந்தது. குடவோலையில் இடம்பெறாத பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஊராட்சியில் ஒதுக்கீடு உறுதியானது.

ஆனாலும் ஓலை இன்னும் முற்றிலும் கிழிபடவில்லை. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணம் என்ற பெயரில் குடும்பங்கள் கட்டுண்டு கிடந்ததையும், அவர்களில் இருளர் மக்கள் பலர் இருந்ததையும் வட தமிழகம் அறியும். தந்தை வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை உழைப்பது பாட்டன் ஓலைக்குப் பேரன் அடிமையானதன் தொடர்ச்சியே. மீட்கப்பட்டவருக்கு அரசு தரும் விடுதலைச் சான்றிதழ்தான் 23ஆம் பிரிவு அவர் கைக்கு வந்து சேரும் வடிவம். அது தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அரசியலமைப்பு அவர் வீட்டு வாசலுக்கு வெளியே நிற்கிறது.

ஆகவே ஆய்வாளர்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். கல்வெட்டுகளைப் படிப்போர், அவையில் அமர்ந்தவரோடு அவைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரையும் தேடுங்கள். சட்டம் பயில்வோர், உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்கும் அதே அக்கறையோடு உங்கள் ஊர்க் கிராம சபையின் தீர்மானப் புத்தகத்தையும் படியுங்கள். ஆசிரியர்கள், அடிப்படை உரிமைகளை மதிப்பெண்ணுக்கான பாடமாக நிறுத்திவிடாமல், மனுவும் கோரிக்கையுமாக எழுதிப் பழகும் திறமாக மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

ஆளும் அதிகாரத்தை எழுத்து கட்ட வேண்டும். எந்த எழுத்தும் மனிதரை அடிமையாகக் கட்டக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.