கல்லூரியில் கற்ற முதலுதவி வீட்டுக்கும் வரட்டும்

(மத்தூரில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் மஹல்லாவிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் சிலர், இவ்வாண்டு தங்கள் வகுப்பில் முதலுதவியும் சி.பி.ஆர். என்னும் நெஞ்சழுத்தப் பயிற்சியும் கற்றிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். அவர்களை அழைத்துப் பேசினோம். அவர்கள் சொன்னவற்றில் இரண்டு விஷயங்கள் எங்களை யோசிக்க வைத்தன. ஒரு மாணவி, "வீட்டில் செய்து காட்டினேன். அதெல்லாம் டாக்டர் வேலை, நீ பரீட்சைக்குப் படி என்று அத்தா சொல்லிவிட்டார்" என்றார். இன்னொரு மாணவி, "அந்நிய ஆண் ஒருவர் விழுந்து கிடந்தால் நாங்கள் தொடலாமா?" என்று கேட்டார். இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

முதலில், இது டாக்டர் வேலையா என்பதைப் பார்ப்போம். இதயம் நின்றுவிட்டால் மூளைக்கு இரத்தம் போகாது. நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். நெஞ்சழுத்தம் கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைக்கிறது. 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 முதல் நம் மாநிலத்தில் இருக்கிறது; அது பெரிய நிஃமத். ஆனால் எவ்வளவு வேகமாக வந்தாலும், அது நிற்கும் இடத்திலிருந்து நம் தெருவுக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். மாந்தோப்புக்குள் வீடு இருந்தால் இன்னும் கூடும். அந்த நிமிடங்களில் அருகில் இருப்பவர் டாக்டர் அல்ல. மனைவியோ, மகளோ, பக்கத்து வீட்டுக்காரரோதான் இருப்பார்.

இந்த முறை உருவான கதையிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1960-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மூவர், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே இரத்தத்தை ஓட வைக்கலாம் என்று எழுதி வெளியிட்டார்கள். அவர்களில் மூத்தவரான கௌவன்ஹோவன் மருத்துவர் அல்ல, மின் பொறியாளர். பயிற்சிக்கான பொம்மையை அதே ஆண்டில் உருவாக்கிய நார்வே நாட்டு லார்டால் என்பவர், குழந்தைகளுக்குப் பொம்மை செய்து விற்றவர். டாக்டர் அல்லாதவர்கள் கை கொடுத்து வளர்த்த கலை இது. டாக்டர் அல்லாதவர்களும் செய்வதற்காகவே சொல்லிக் கொடுக்கப்படுகிறது.

சாதாரணக் குடும்பங்கள் கற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு டென்மார்க் நாடு சாட்சி. அங்கே 2005-இல் பள்ளிகளிலும், 2006-இல் ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2001-இல், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கே அருகில் இருந்தவர்கள் நெஞ்சழுத்தம் கொடுத்தார்கள். 2010-இல் அது 45 ஆனது. ஒரு மாதம் கடந்தும் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 3.5-இலிருந்து 10.8 ஆனார்கள். மருத்துவ வசதி மேம்பட்டதற்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் மக்களின் கைகள் முந்திக்கொண்டது பெரிய காரணம்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கையால் பழகுவது வகுப்பில்தான். விழுந்தவரைத் தோளில் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். ஏங்கி ஏங்கி இழுப்பது மூச்சு அல்ல. அதைப் பார்த்து "உயிர் இருக்கிறது, சும்மா விடுங்கள்" என்று நிறுத்திவிடக் கூடாது. சமமான தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவே ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மறு கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். கை சோர்ந்தால் இன்னொருவர் மாறிக்கொள்ளுங்கள்.

திடீரென்று சரிந்து விழுந்த பெரியவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதத் தெரியாவிட்டாலும் நெஞ்சழுத்தம் மட்டும் கொடுக்கலாம். ஆனால் கிணற்றிலோ ஏரியிலோ மூழ்கி எடுக்கப்பட்டவருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் ஊத வேண்டும். அதனால்தான் முறைப்படி படிக்க வேண்டும் என்கிறோம்.

இனி இரண்டாவது கேள்வி. வெட்கமும் பேணுதலும் உள்ள பிள்ளை கேட்ட கேள்வி அது. அதை நாங்கள் மதிக்கிறோம். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில், சாதாரண வேளையில் தடுக்கப்பட்டதும் தேவையான அளவுக்கு அனுமதிக்கப்படும் என்பதை ஃபிக்ஹு படித்த நம் ஆலிம்கள் அறிவார்கள். ஓர் உயிரைக் காப்பதன் மாண்பு பற்றிய அல்மாயிதா அத்தியாயத்தின் 32-ஆம் வசனம் உங்களுக்குத் தெரிந்ததே. அகழ்ப் போரில் காயம்பட்ட சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு, மதீனாப் பள்ளிவாசலில் அமைந்த கூடாரத்தில் வைத்தியம் பார்த்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி என்று வரலாறு சொல்கிறது. காயம்பட்டவரைக் கவனிப்பது நம் பெண்களுக்குப் புதிய வேலையும் அல்ல, அந்நிய வேலையும் அல்ல.

இதன் மறுபக்கத்தையும் ஆண்கள் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், பொது இடத்தில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் நூற்றுக்கு 45 பேருக்கு வழிப்போக்கர்கள் நெஞ்சழுத்தம் கொடுத்தார்கள். பெண்களில் 39 பேருக்குத்தான் கொடுத்தார்கள். தயக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அந்தத் தயக்கத்தின் விலையைத் தருபவள் கீழே கிடக்கும் பெண்தான். நம் வீட்டுப் பெண் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் வழியில் விழுந்தால், முதலில் ஓடிவருபவர் தயங்கி நிற்பதை நாம் விரும்புவோமா? துணியால் போர்த்தலாம், சுற்றி நின்று மறைக்கலாம். ஆனால் அழுத்தம் தாமதமாகக் கூடாது.

"கேஸில் மாட்டிக்கொள்வோம்" என்ற அச்சமும் உண்டு. கிருஷ்ணகிரி–திருவண்ணாமலைச் சாலையில் அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். தூக்க ஆள் இருக்காது. 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது. அவர் விரும்பாவிட்டால் பெயரைச் சொல்லுமாறு வற்புறுத்தவும் கூடாது. தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் 2021 டிசம்பர் முதல், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் இலவசம். எல்லை தாண்டி கர்நாடகத்திலிருந்து வந்தவருக்கும் அது உண்டு.

முதலுதவி வகுப்பு நம் வீட்டுப் பழக்கங்கள் சிலவற்றையும் திருத்துகிறது. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயன் இல்லை. அடிபடாமல் பார்த்துக்கொண்டு, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். தீக்காயத்தில் பேஸ்ட்டோ மாவோ தடவாமல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பாம்பு கடித்த இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோங்கள்.

நாங்கள் உங்களிடம் கேட்பவை மூன்று. கற்று வந்த பிள்ளையை இன்று இரவே தலையணையை வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். தாதாவும் நானியும் உட்பட வீட்டில் எல்லோரும் பாருங்கள். அறக்கட்டளை ஏற்பாடு செய்யும் பயிற்சிக்கு வீட்டுக்கு ஒருவரையாவது அனுப்புங்கள்; பெண்களுக்குத் தனி அமர்வு, பெண் பயிற்றுநரோடு நடக்கும். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு இளைஞர்கள் பொறுப்பேற்று, 108-ஐ அழைத்தால் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழிகாட்டுங்கள்.

ஊரில் சிலர் நிறைவேற்றினால் எல்லோர் மீதும் உள்ள பொறுப்பு நீங்கும். யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் கேட்கப்படுவோம். ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க நம் ஊரில் ஆள் குறைந்ததே இல்லை. அதற்கு முந்தைய அந்த ஐந்து நிமிடங்களுக்கும் ஆள் இருக்கட்டும். அல்லாஹ் நம் கைகளைப் பயனுள்ள கைகளாக ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.