தலையிடாதிருப்பது மட்டும் சுதந்திரமா?

"உங்கள் அரசியல் கொள்கை என்ன, வாத்தியாரே?" என்று மாணவன் ஒருவனின் தகப்பனார் நம்மைக் கேட்டார். கட்சியைப் பற்றி அவர் கேட்கவில்லை. மனிதனுடைய வாழ்வில் அரசாங்கம் எதுவரை தலையிடலாம் என்பதே அவர் கேள்வி. அதற்கு நம் விடையை இன்று சொல்கிறோம்.

ஒருவனுடைய உடல், உழைப்பு, உடைமை ஆகியவற்றில் அரசாங்கம் கைவைக்கக் கூடாது. இருவர் மனமொத்துச் செய்யும் ஒப்பந்தத்தில் மூன்றாமவருக்கு வேலையில்லை என்போர் உண்டு. இதைத் தனிமனித சுதந்திரவாதம் என்பர். 1959-இல் இராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியும் இதற்கு அண்மையில் நின்றது. எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ் என்னும் ஆட்சியை அவர் சாடினார்.

இக்கொள்கையில் நாம் மதிப்பது நிறைய உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்றனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான சம்பளம் கேட்டதோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். தனிமனித சுதந்திரத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஏது? நாதன் கைதானார், துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அதே தொழிலாளர்கள் கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். குடிப்பவன் குடிக்கட்டும் என்று அவர்கள் விடவில்லை. சம்பள நாளில் அக்கடை யார் வயிற்றில் அடித்தது என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

இனி, நாம் வேறுபடும் இடத்துக்கு வருவோம். 1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. பெரிய தோட்டங்கள் கைமாறி, துண்டுதுண்டாக விற்கப்பட்டன. விற்பவருக்கும் சம்மதம், வாங்குபவருக்கும் சம்மதம். லயத்தில் இருந்தவனை யாரும் கேட்கவில்லை. வேலை போன அன்றே வீடும் போயிற்று.

பிற்காலத்தில் நாம் பணியாற்றிய தோட்டம் ஒன்றும் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. அந்த ஆண்டு முடியுமுன் வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர்களுக்கு நாமே சிவப்புக் கோடு போட்டோம். அந்தப் பிள்ளைகள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்?

துண்டாடலுக்கு விடையாக 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸில் இன்று அவர் பெயரால் ஒரு சாலை இருக்கிறது. சங்கத்தில் சேர யாரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. ஆதலால் சுதந்திரவாதிகளும் இதைப் பாராட்டுவார்கள்.

ஆனால் எல்லாத் தோட்டங்களையும் சங்கம் வாங்கிவிட முடியுமா? மற்றவர்களுக்குச் சட்டமே துணை. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும், 2013 முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமும் அத்தகையவை. "சம்பளத்தைச் சட்டத்தால் உயர்த்தினால் முதலாளி ஆளைக் குறைப்பார்" என்பார்கள். அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. சட்டம் செய்வோர் அதை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். ஆயினும் லயத்தின் சாவி ஒருவர் கையில் இருக்க, இருவரும் சரிசமமாகப் பேரம் பேசினார்கள் என்பதை நம்மால் ஏற்க முடியவில்லை.

சைக்கிளில் நிமிர்ந்து போகும் உரிமையும் வேண்டும். மாலையில் திரும்பிப் போக ஒரு வீடும் வேண்டும். இதுவே நம் கொள்கை. இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் துண்டாடல் காலத்தைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளைகளையும் அருகில் உட்கார வையுங்கள்.